நம்ம ஏரியை வானத்திலிருந்து கவனிப்பது எப்படி? வேலூர் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. பிறகு வேலூர் மாவட்டமும் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஏரிகளுக்கு வரும் தண்ணீர் இந்த எல்லைகளைத் தாண்டித்தான் வருகிறது. அதனால் இங்கே மூன்று மாவட்டத்தையும் சேர்த்தே பேசுகிறேன்.

செயற்கைக்கோள் படத்தையும் மழைத் தரவையும் வைத்து ஏரிகளைக் கவனிக்க நினைக்கும் விவசாயிகள், கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், வார்டு உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எல்லாக் கேள்விக்கும் அடியில் ஓடுவது ஒன்றுதான். முன்பு இதே அளவு மழைக்கு இந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் நின்றது, இப்போது எவ்வளவு நிற்கிறது? ஒரே ஒரு படத்தை வைத்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

ஏரி மனுஷங்க கட்டினதுதானே? அதைப் போய் ஈரநிலம்னு சொல்லலாமா?

சொல்லலாம். 1971-ல் ஈரானில் ராம்சர் என்ற ஊரில் கையெழுத்தான ஒப்பந்தம், இயற்கையாக அமைந்ததா மனிதர் கட்டியதா, வருடம் முழுக்க நீர் நிற்குமா சில மாதம் மட்டுமா என்றெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கில் காவேரிப்பாக்கம் பெரிய ஏரியும் ஈரநிலம், உங்கள் ஊர்த் தாங்கலும், அதாவது சிற்றேரியும், ஈரநிலம்.

சிக்கல் நம் நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. மத்திய அரசின் 2017-ம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் கட்டப்பட்ட நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலின் கல்வெட்டிலேயே மகேந்திர தடாகம் என்று ஏரியின் பெயர் இருக்கிறது. பதிமூன்று நூற்றாண்டுக்கும் மேலாக மீனும் நாரையும் சம்புப் புல்லும் குடியிருக்கும் ஓர் இடத்தை, யாரோ ஓர் அரசன் கரை போட்டான் என்பதற்காக ஈரநிலம் இல்லை என்பது எப்படி நியாயமாகும்?

ஆக்கிரமிப்பு என்று வந்தால் நமக்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன. பெரிய ஏரிகளுக்கு 2007-ம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், பொதுவாக அரசுப் புறம்போக்குக்கு 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். பெரிய ஏரி எது, சின்ன ஏரி எது என்பதற்கும் ஒரு கோடு உண்டு. ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். யாரிடம் போக வேண்டும் என்பதை இதுதான் முடிவு செய்யும்.

அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் எது, நிலம் எது என்று எப்படித் தெரிகிறது?

கண்ணுக்குத் தெரியாத ஒளியை வைத்து. சூரிய ஒளியில் அண்மை அகச்சிவப்பு என்று ஒரு பகுதி உண்டு. தண்ணீர் அதை விழுங்கிவிடும், பச்சை இலை அதை அப்படியே திருப்பி அனுப்பும். பச்சை ஒளியைத் தண்ணீர் ஓரளவு திருப்பி அனுப்பும். இந்த இரண்டையும் சேர்த்து 1996-ல் மெக்ஃபீட்டர்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு நீர்க் குறியீட்டை முன்வைத்தார். பச்சையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழிக்க வேண்டும், வந்ததை அந்த இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

விழும் ஒளியில் எவ்வளவு பங்கு திரும்பி வருகிறது என்பதுதான் இங்கே எண். உதாரணத்துக்கு, தெளிந்த நீரில் பச்சை 0.08, அகச்சிவப்பு 0.03 என்றால் குறியீடு 0.45 வரும். பக்கத்து நெல் வயலில் பச்சை 0.08, அகச்சிவப்பு 0.40 என்றால் கழித்தல் 0.67. பொதுவாகப் பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் நீர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் நம் ஏரிகளில் இது அப்படியே பலிக்காது. மழை பெய்த கையோடு வரும் தண்ணீர் செம்மண் கலங்கலாக இருக்கும். மிதக்கும் மண் அகச்சிவப்பையும் திருப்பி அனுப்புவதால் குறியீடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். நிறைந்த ஏரி படத்தில் பாதி ஏரியாகத் தெரியும். கட்டடக் கூரைகளும் சில சமயம் தண்ணீர் போலக் காட்டும். சத்துவாச்சாரி போல வீடுகள் நெருங்கிய பகுதியில் இது பெரிய தொல்லை. அதனால் 2006-ல் ஷூ என்ற ஆய்வாளர் கொண்டுவந்த திருத்திய குறியீட்டைத்தான் நான் பரிந்துரைப்பேன். அண்மை அகச்சிவப்புக்குப் பதிலாகக் குற்றலை அகச்சிவப்பு என்ற இன்னொரு கண்ணுக்குத் தெரியாத ஒளியை வைப்பதுதான் அதில் உள்ள மாற்றம். கலங்கல் தண்ணீரும் அந்த ஒளியை நன்றாகவே விழுங்கும்.

அதிலும் ஒரு கண் வேண்டும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தாழ்வாக இருக்கும்போது மலைகளின் நிழல் விழும் சரிவு தண்ணீர் போலத் தெரியும். நம் பக்கம் மலைக்கும் குன்றுக்கும் பஞ்சமில்லை. சரிவான நிலத்தில் ஏரி இருக்காது என்பதால், நில உயர வரைபடத்தை வைத்து அந்தப் பகுதிகளைக் கழித்துவிடலாம். கைவிட்ட கல்குவாரிக் குழிகளில் நிற்கும் தண்ணீரும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். மாவட்டத்தின் மொத்த நீர்ப்பரப்பு கூடிவிட்டது என்று யாராவது சொன்னால், குவாரிகளைக் கழித்தீர்களா என்று கேளுங்கள்.

எந்தச் செயற்கைக்கோள் படத்தை எடுக்கலாம்? எங்க குட்டை கூடத் தெரியுமா?

இலவசமாகக் கிடைப்பவை இரண்டு பெரிய வரிசைகள். அமெரிக்காவின் லேண்ட்சாட் 1972-லிருந்து இருக்கிறது. நமக்கு வசதியான 30 மீட்டர் படங்கள் (படத்தின் ஒரு கட்டம் தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர்) 1984-ல் ஏவிய லேண்ட்சாட்-5-லிருந்து தொடங்குகின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015-லிருந்து கிடைக்கின்றன. அதில் பச்சை, அண்மை அகச்சிவப்பு 10 மீட்டர், குற்றலை அகச்சிவப்பு 20 மீட்டர். இரண்டு சென்டினல்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை நம் தலைக்கு மேல் வரும். லேண்ட்சாட் 8-ம் 9-ம் சேர்ந்தால் எட்டு நாளுக்கு ஒரு முறை.

ஒரு ஹெக்டேர் குட்டைக்கு சென்டினலில் 100 கட்டம் கிடைக்கும், லேண்ட்சாட்டில் 11 கட்டம்தான். கரையோரக் கட்டங்களில் நீரும் நிலமும் கலந்திருக்கும் என்பதால், அந்த 11-ல் உருப்படியாக மூன்றோ நான்கோதான் மிஞ்சும். குட்டைகளின் பழைய கதையை லேண்ட்சாட்டில் தேடாதீர்கள். பத்து ஹெக்டேருக்கு மேலான ஏரிகளுக்கு அது தாராளமாகப் போதும்.

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய் இந்த இரண்டிலுமே தெரியாது. மூன்று மீட்டர் அகலக் கால்வாயை 10 மீட்டர் கட்டத்தில் எப்படிப் பார்ப்பது? ஏரி நிரம்பாததற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பதே அந்தக் கால்வாய்தான். ஆகவே அதை நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும்.

லேண்ட்சாட்-7 படங்களில் 2003 மே மாதத்துக்குப் பிறகு கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். அது கருவிக் கோளாறு. ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தரவே இருக்காது. அந்தக் கோடுகளை நிலம் என்று எண்ணிவிட்டால், 2003-க்கு மேல் உங்கள் ஏரி திடீரென்று சுருங்கியதாகக் கணக்கு வரும்.

மே மாசம் படம் பார்த்தேன். ஏரியே இல்ல, வெறும் மண்ணு. ஏரி அழிஞ்சிடுச்சுன்னு எழுதலாமா?

எழுதாதீர்கள். அதிகம் தவறு நடக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஏரிகள் காய்வதற்காகவே இருப்பவை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, சம்பாவுக்கும் நவரைக்கும் மதகு திறந்து, கோடையில் தரை தெரியும். தரை தெரியும்போதுதான் வண்டல் எடுப்பார்கள், ஆடு மாடு மேயும். கோடையில் காய்ந்த ஏரி உயிருள்ள ஏரிதான். ஒரு ஏரியின் நலத்தை அளக்க முதலில் பார்க்க வேண்டியது அது நிரம்பும் பருவத்தை. டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி முதல் வாரம் நல்ல காலம். வடகிழக்கு மழை முடிந்திருக்கும், மேகம் விலகியிருக்கும், மதகு திறந்து அதிக நாள் ஆகியிருக்காது.

அப்புறம், ஒரு டிசம்பரை இன்னொரு டிசம்பரோடு ஒப்பிட்டாலும் மழையைப் பார்க்காமல் ஒப்பிடக் கூடாது. 2015-ல் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. அடுத்த ஆண்டே, 2016-ல், தமிழ்நாட்டில் அந்த மழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2021 நவம்பரில் மறுபடியும் பாலாற்றில் பெருவெள்ளம். 2015 டிசம்பர் படத்தையும் 2016 டிசம்பர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஒரே ஆண்டில் ஏரிகள் மாயம்" என்று தலைப்புப் போடலாம். படம் இரண்டும் உண்மை, சொல்லும் சேதி பொய். அதேபோல 2016-ஐயும் 2021-ஐயும் வைத்து "தூர்வாரியதால் ஏரிகள் மீண்டன" என்றும் காட்டிவிடலாம். இரண்டையுமே நம்பக் கூடாது.

சரியான வழி இது. ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு எண் எடுங்கள். ஒன்று, ஜூன் முதல் டிசம்பர் வரை ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில், அதாவது ஏரிக்கு மழைநீர் ஓடிவரும் நிலத்தில், பெய்த மொத்த மழை. நம் பக்கம் தென்மேற்கு மழையும் கணிசமாகப் பெய்யும் என்பதால் அக்டோபரிலிருந்து மட்டும் எடுத்தால் போதாது. இரண்டு, டிசம்பர் கடைசியில் ஏரியின் நீர்ப்பரப்பு. கீழே மழை, பக்கத்தில் பரப்பு என்று ஒரு கட்டத்தாளில் ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறியுங்கள். முதல் பதினைந்து ஆண்டுப் புள்ளிகளுக்கு ஒரு நிறம், கடைசிப் பதினைந்து ஆண்டுக்கு வேறு நிறம்.

இரண்டு நிறமும் கலந்து கிடந்தால், ஏரி அப்படியேதான் இருக்கிறது. மழைதான் ஏறி இறங்குகிறது. புது நிறப் புள்ளிகள் எல்லாம் பழையவற்றுக்குக் கீழே விழுந்தால், அதே மழைக்கு இப்போது குறைவாகத்தான் நீர் நிற்கிறது என்று அர்த்தம். கால்வாய் அடைந்திருக்கலாம், மேலே தடுப்பணை வந்திருக்கலாம், மதகு பழுதாகி ஒழுகலாம், உள்வாயில் (கரைக்கு உள்ளே நீர் நிற்கும் நிலத்தில்) வீடு வந்திருக்கலாம். ஏன் என்பதைப் படம் சொல்லாது. ஆனால் எந்த ஏரிக்கு முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். நூற்றுக்கணக்கான ஏரிகள் உள்ள பகுதியில் அதுவே பெரிய உதவி.

மழைத் தரவு எங்கே கிடைக்கும்? வேலூர் மழைமானி அளவு போதாதா?

ஏரிக்கு மழை எங்கே பெய்கிறது என்பதைப் பொறுத்தது. நகரத்தில் ஒரு துளி இல்லாமல் ஜவ்வாது மலையில் கொட்டினால் நாகநதியில் தண்ணீர் வரும். மோர்தானா அணைக்கு வரும் கவுண்டின்யா ஆற்றின் மழை ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் பெய்கிறது. வேலூர் மழைமானி இதையெல்லாம் பார்த்திருக்காது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901-லிருந்து தினசரி மழையைக் கட்டம் கட்டமாகத் தருகிறது. ஒரு கட்டம் கால் டிகிரி, அதாவது பக்கத்துக்குச் சுமார் 27 கிலோமீட்டர். நீண்ட கால ஒப்பீட்டுக்கு இதுதான் நம்பகமானது. ஆனால் ஒரு சிற்றேரியின் நீர்ப்பிடிப்பு முழுவதும் அந்தக் கட்டத்தின் ஒரு மூலையில் அடங்கிவிடும். சிர்ப்ஸ் என்ற தரவு 1981-லிருந்து சுமார் 5 கிலோமீட்டர் கட்டத்தில் இருக்கிறது. செயற்கைக்கோள் கணிப்பையும் மழைமானியையும் கலந்து செய்தது. வெப்பநிலை, ஆவியாதல் வேண்டுமானால் ஐரோப்பிய மையத்தின் ஈஆர்ஏ5-லேண்ட், 9 கிலோமீட்டர் கட்டம், 1950-லிருந்து. நான் இரண்டு மழைத் தரவையும் எடுத்து, இரண்டிலும் முடிவு ஒன்றுபோல வருகிறதா என்று பார்க்கச் சொல்வேன். ஒன்றில் மட்டும் வந்தால் அதை வெளியே சொல்லும் முன் பொறுத்திருப்பது நல்லது.

நாள் கணக்கில் ஒப்பிடுபவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். வானிலைத் துறையின் மழை காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. 15-ம் தேதி என்று போட்டிருக்கும் மழையில் பெரும்பகுதி 14-ம் தேதி பெய்தது.

காவேரிப்பாக்கம் ஏரிக்கும் இதே கணக்குதானா?

இல்லை. பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்று சொல்லப்படும் அந்த ஏரிக்கு, வாலாஜா அருகே பாலாற்றின் குறுக்கே 1850-களில் கட்டிய அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வருகிறது. மகேந்திரவாடிக்கும் அப்படித்தான். பாலாறு கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரம் வழியாக வருவது. பொன்னையாறு சித்தூர்ப் பக்கத்துத் தண்ணீரைக் கொண்டுவருவது. ராணிப்பேட்டை மழையோடு காவேரிப்பாக்கத்தின் நீர்ப்பரப்பை ஒப்பிட்டால் புள்ளிகள் தாறுமாறாகச் சிதறும். மேலே உள்ள முழு வடிநிலத்தின் மழையையும் எடுக்க வேண்டும். அணைக்கட்டில் எந்த நாளில் எவ்வளவு திறந்தார்கள் என்ற நீர்வளத்துறைப் பதிவு கிடைத்தால் இன்னும் நல்லது.

எனவே வேலையை ஆரம்பிக்கும் முன் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்: இது தன் சொந்த நீர்ப்பிடிப்பில் நிரம்பும் ஏரியா, ஆற்றுக்கால்வாய் ஏரியா, மேல் ஏரி கோடி போனால், அதாவது நிரம்பி வழிந்தால், நிரம்பும் ஏரியா? மூன்றுக்கும் கணக்கு வேறு.

மழைக்காலத்துல எந்தப் படம் எடுத்தாலும் மேகம்தான் தெரியுது. என்ன செய்யறது?

ரேடார் படத்துக்குப் போங்கள். சென்டினல்-1 2014-லிருந்து இயங்குகிறது. அது தானே நுண்ணலையை அனுப்பித் திரும்பி வருவதை அளப்பதால் மேகமும் இரவும் தடையில்லை. அசையாத நீர்ப்பரப்பு அலையை வேறு பக்கம் தள்ளிவிடும், அதனால் படத்தில் கறுப்பாகத் தெரியும். மேகம் மூடிய காலத்தில் ஏரி ஏறக்குறைய எப்போது நிரம்பியது என்று படத்தில் அறிய இது நல்ல வழி.

நம் பக்கம் இதில் ஒரு பொறி உண்டு. காய்ந்த மணலும் ரேடாரில் கறுப்பாகத்தான் தெரியும். வறண்டு கிடக்கும் பாலாறு, ரேடார் படத்தில் கரை நிறையத் தண்ணீர் ஓடுவது போலக் காட்சி தரும். காற்று அடித்து அலை எழும்பினால் உண்மையான ஏரி வெளுத்துப்போகும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலும் ஏரியோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே முதலில் ஏரியின் எல்லையை வரைந்துகொண்டு, அதற்கு உள்ளே மட்டும் கணக்கிடுங்கள்.

ஆகாயத்தாமரை மூடின ஏரியைப் படம் நிலம்னு காட்டுதே?

ஆமாம், நீர்க் குறியீட்டுக்கு அது வெறும் பச்சைப் பயிர். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் கணக்கில் பூஜ்யம் வரும். சீமைக்கருவேலம் ஏறிய உள்வாயும் அதே பச்சைதான். இரண்டையும் பிரிக்க ஒரு நாள் படம் போதாது, தொடர்ந்து பார்க்க வேண்டும். ஆகாயத்தாமரை காற்றுக்கு நகரும். இந்த வாரம் கிழக்குக் கரையில் இருந்தது அடுத்த வாரம் மேற்கில் ஒதுங்கும். சீமைக்கருவேலம் வருடக்கணக்கில் அதே இடத்தில் பச்சையாக இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். பயிர் வைத்திருந்தால் சில மாதத்தில் அறுவடையாகிப் பழுப்பாகும்.

இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் செயற்கைக்கோள், செடி கொடிக்குள் ஊடுருவும் நீண்ட அலையில் ரேடார் படம் எடுப்பது. சம்பும் கோரையும் மூடிய ஏரிகளில் அது நமக்குப் பெரிதும் உதவும் என்று நம்புகிறேன்.

வேலூர் நகர ஏரியில் இப்போ கோடையிலும் தண்ணீர் நிற்குது. நல்லதுதானே?

பெரும்பாலும் இல்லை. மழையே இல்லாத ஏப்ரலில் நீர்ப்பரப்பு குறையாமல் இருந்தால், எங்கிருந்தோ தினமும் தண்ணீர் வருகிறது என்று பொருள். நகரத்தில் அது சாக்கடையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இங்கேதான் வெப்பத் தரவு கைகொடுக்கும். கோடை நாளில் திறந்த நீர் 6, 7 மில்லிமீட்டர் வரை ஆவியாகும், மாதத்துக்கு 20 சென்டிமீட்டர் வரும். மேலோட்டமான நம் ஏரியில் 20 சென்டிமீட்டர் இறங்கினால் கரையோரம் நன்றாகவே பின்வாங்க வேண்டும். பின்வாங்கவில்லை என்றால் கால்வாய் வாயில் போய்ப் பாருங்கள். "நீர்ப்பரப்பு அதிகரித்துள்ளது" என்ற வரி அறிக்கையில் நல்ல சேதி போலப் படிக்கும். அதை அப்படியே எழுதிவிடக் கூடாது.

தோல் தொழிற்சாலைக் கழிவு படத்தில் தெரியுமா?

தெரியாது. குரோமியமும் உப்பும் நீரில் கரைந்திருந்தால் இந்தப் படங்களுக்குப் புலப்படாது. பாசி பூத்ததும் நுரை படர்ந்ததும் தெரியலாம், காரணம் தெரியாது. தண்ணீர் எடுத்து ஆய்வகத்தில் கொடுப்பதுதான் வழி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மக்கள் நீண்ட காலமாகச் சுமக்கும் பிரச்சினை இது. 1996-ல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அந்த அளவுக்கான பிரச்சினையை வானத்துப் படத்தில் "சுத்தமாகத் தெரிகிறது" என்று கடந்துபோகக் கூடாது.

பரப்பு தெரிஞ்சா எவ்வளவு கன அடி தண்ணீர்னு சொல்லிடலாமா?

பரப்போடு ஆழமும் வேண்டும். நீர்வளத்துறை ஏரிகளுக்கு மட்டம், பரப்பு, கொள்ளளவு அட்டவணை இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஆனால் அந்த அட்டவணை போட்ட பிறகு எவ்வளவு வண்டல் படிந்தது, எவ்வளவு அள்ளினார்கள் என்பது அதில் இருக்காது. தூர்வாரிய ஏரியில் பரப்பு அப்படியே இருந்து ஆழம் மட்டும் கூடியிருக்கும். அதனால் தூர்வாரியது பலன் தந்ததா என்பதைப் பரப்பை வைத்துத் தீர்க்க முடியாது. தண்ணீர் எத்தனை நாள் கூடுதலாக நின்றது என்று பாருங்கள். ஐந்து நாளுக்கு ஒரு படம் கிடைப்பதால் அதைக் கணக்கிடலாம். பறவைக்கும் பயிருக்கும் அந்த நாள் கணக்குதான் முக்கியம்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. போன் மட்டும்தான் இருக்கு. ஆரம்பிக்க முடியுமா?

முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜேஆர்சி ஆய்வு மையம் இணையத்தில் வெளியிட்டிருக்கும் உலக நீர்ப்பரப்பு வரைபடத்தைத் திறந்து உங்கள் ஊரைத் தேடுங்கள். 1984-லிருந்து வந்த லேண்ட்சாட் படங்களை எல்லாம் அலசி, எந்த இடத்தில் எத்தனை சதவீத காலம் தண்ணீர் இருந்தது என்று நிறத்தில் காட்டும். முதல் நாளுக்கு அது போதும். பழைய ஆண்டுகளில் எல்லா மாதத்துக்கும் தெளிவான படம் கிடையாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் சென்டினல்-2 படத்தைத் தேதி வாரியாகப் பார்க்கலாம், நீர்க் குறியீடும் அதிலேயே வரும். போனிலும் திறக்கும், பெரிய திரையில் பார்த்தால் கண்ணுக்கு நல்லது. இஸ்ரோவின் புவன் தளத்தில் ஈரநில வரைபடங்கள் இருக்கின்றன. நாடு முழுவதற்குமான அந்தக் கணக்கெடுப்பில் 2.25 ஹெக்டேருக்குக் குறைந்தவை வெறும் புள்ளியாகத்தான் குறிக்கப்பட்டன. உங்கள் குட்டை அதில் இல்லை என்றால் குட்டையே இல்லை என்று அர்த்தமில்லை. முப்பது ஆண்டுக் கணக்கு போட வேண்டும் என்ற கட்டம் வரும்போது கூகுள் எர்த் இன்ஜின் (இணையத்திலேயே படங்களைக் கணக்கிடும் தளம்) அல்லது க்யூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்) தெரிந்த கல்லூரி மாணவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வணிகம் அல்லாத வேலைக்கு முதலாவதும் இலவசம், இரண்டாவது எப்போதுமே இலவசம்.

படம் எடுத்த அதே வாரத்தில் கரையில் நின்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கலங்கல் (உபரி நீர் வெளியேறும் சுவர்) மேலே தண்ணீர் வழிகிறதா, எத்தனை அடி கீழே நிற்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். குறியீட்டின் எல்லையைப் பூஜ்யத்தில் வைப்பதா, கொஞ்சம் கீழே வைப்பதா என்று முடிவு செய்ய அந்த ஒரு வரிதான் உதவும்.

ஏரிகள் சுருங்கறதுக்குக் காலநிலை மாற்றம் காரணமா, ஆக்கிரமிப்பு காரணமா?

ஏரிக்கு ஏரி வேறுபடும், மொத்தமாக ஒரு பதில் தருபவரை நம்பாதீர்கள். மழையையும் பரப்பையும் சேர்த்துக் குறித்த அந்தக் கட்டத்தாள்தான் இதையும் பிரித்துக் காட்டும். மழைக்கு ஏற்பப் பரப்பு மாறுகிறது, ஆனால் மழையே சில நாளில் மொத்தமாகக் கொட்டி நீண்ட இடைவெளி விடுகிறது என்றால் பேச வேண்டியது பருவத்தைப் பற்றி. நல்ல மழை ஆண்டிலும் நிரம்பாத ஏரி என்றால் பேச வேண்டியது கால்வாயையும் உள்வாயையும் பற்றி. 2021 போல ஆறே புரண்டு ஓடிய ஆண்டில் உங்கள் ஏரி பாதிதான் நிரம்பியது என்றால் வானத்தைக் குறை சொல்ல இடமில்லை.

இந்தப் படங்களைக் கலெக்டர் ஆபீஸ்ல கொடுத்தா ஏத்துப்பாங்களா?

படத்தை மட்டும் கொடுத்தால் "பார்க்கிறோம்" என்று வாங்கி வைப்பார்கள். ஆக்கிரமிப்பை முடிவு செய்வது நில அளவைப் பதிவேடுதான். எனவே கிராம வரைபடம், புல எண், அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேட்டில்) அந்த இடம் ஏரிப் புறம்போக்கு என்று இருக்கும் பக்கம், இந்த மூன்றையும் முதலில் எடுங்கள். பிறகு புல எல்லையைப் படத்தின் மேல் வைத்து, எந்தத் தேதியில் எந்தச் செயற்கைக்கோள் எடுத்த படம் என்று அடியிலேயே எழுதுங்கள். தேதி இல்லாத படத்துக்கு மதிப்பில்லை. கூகுள் எர்த்தின் பழைய படங்கள் வீடு, சுவர், சாலை எப்போது வந்தது என்று காட்ட நன்றாக உதவும். நீர்ப்பரப்பை அளக்க வேண்டாம், பல மாதத்துப் படங்கள் அதில் ஒட்டிக் கிடக்கும்.

தனி ஆளின் பெயரைப் போட்டு மனு எழுதாதீர்கள். புல எண்ணும் பரப்பும் போதும். எல்லாரும் பணக்காரர்கள் இல்லை. வேறு இடம் இல்லாமல் உள்வாயில் குடிசை போட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாற்று இடம் கேட்டும் அதே மனுவில் ஒரு பத்தி எழுதுங்கள்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கலாம். பாசன ஏரி என்றால் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டம் இன்னும் பொருத்தம். நீர்வளத்துறைப் பொறியாளரும் அங்கே வருவார், கேள்வியை நேராகவே கேட்கலாம். ஏரி ஒன்றியத்தைச் சேர்ந்தது என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒரு நகல். மனு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணை வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் என்ன நடவடிக்கை என்று கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.